மொஹசினின் லென்ஸ் மூடி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மறைப்பானேன்? ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற பழைய மாதிரி ஃபிலிம் கேமராவுக்குப் புது லென்ஸ் ஒன்று வரப்போகிறது என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தவர்கள் காஞ்சிபுரத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் பெரிய காஞ்சிபுரத்து ஜரிகை வியாபாரி மொஹசின். அவருக்கு முதலில் வந்துவிட்டது.

2

முதல் ஆரம்பம்: 'ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தின் மேல் விடியலின் பொன்னொளி...'

வேண்டாம். மொஹசின் அந்தக் கோபுரத்தை நூறு முறை படமெடுத்திருக்கிறார். ஒரு முறைகூடக் கோபுரத்தைப் பார்த்ததில்லை. படத்தின் ஓரத்துப் பொம்மை கூர்மையாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இரண்டாம் ஆரம்பம்: மொஹசினின் மகள் அம்பரீனுக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

இது தேவலை.

3

"அப்பா, ஓட்டைப் பல்லோட என்னை ஒரு போட்டோ எடுப்பா."

"புது லென்ஸ் வந்துக்கினு இருக்குதும்மா. கொஞ்சம் பொறு."

"பல்லுந்தான் வந்துக்கினு இருக்குது. நான் செல்லுல எடுத்துடறேன்" என்றாள் அவர் மனைவி நஸ்னீன்.

"செல்லுல எடுக்கிறதெல்லாம் போட்டோவா?"

அம்பரீன் அப்பா கட்சி. அன்றிலிருந்து செல்போனைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள்.

(இந்த இடத்தில் மொஹசினை நல்லவராகக் காட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அப்போது பார்த்து லென்ஸின் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பத்தியை அடித்துவிட்டேன்.)

4

லென்ஸ் வந்த அன்று அம்பரீனின் ஈறில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. மொஹசின் கடையிலேயே ஜரிகைக் கட்டையும் சுவரையும் முப்பத்தைந்து படம் எடுத்து லென்ஸைச் சோதித்தார். ஃபிலிமில் மிச்சம் ஒன்றே ஒன்று. தூசி படாமல் மூடி போட்டு, வீட்டுக்கு ஓடிவந்தார். ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கப் பத்து நாள் ஆகும். அதற்குள் பல் வந்துவிடும்.

(தெரியாதவர்களுக்கு: இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு குட்டி ஜன்னல் உண்டு. லென்ஸ் மூடியிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஃபிலிமில் மட்டும் ஒன்றும் விழாது.)

5

மூடி போட்டார் என்று எழுதினேன். கழற்றினார் என்று எழுதினேனா? போய்ப் பாருங்கள். மறதி அவருடையது இல்லை, என் கைங்கரியம்.

"அம்பரீன், சிரிம்மா."

சிரித்துவிட்டாள். இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு, ஈறு முழுக்கத் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: நஸ்னீன் மூடியைப் பார்த்துச் சத்தம் போடுகிறாள். முடியாது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவளை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பியதே நான்தான்.

முடிவு இரண்டு: 'மொஹசின் மூடியைக் கழற்'

வரமாட்டேன் என்கிறது. அவருடைய லென்ஸுக்கு முதலில் கிடைக்கப்போகும் முகம் இது என்று நினைத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. அவ்வளவு கேவலமானவன் நான்.

மொஹசினின் விரல் பட்டன் மேல் இருக்கிறது. பாதியில் நிற்கும் அந்த 'கழற்' வரியை நீங்கள் முடித்துவிடுங்கள். சீக்கிரம், பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டே நிற்கிறாள்.