சொக்கன் ஏறிய மலை

மோர்டன் தமிழர் மன்றத்தின் தலைவர் கதிரை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அம்பலவாணனுக்கு மலையேறும் ஆசை பிறந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதே கதிரையில் கண்வைத்திருந்த பத்மநாதன் போன வருடம் பெரு நாட்டுக்குப் போய், ரயிலில் ஏறி மச்சுப்பிச்சுவைப் பார்த்துவிட்டு வந்து, மண்டபத்தில் ஸ்லைட் போட்டுக் காட்டியிருந்தார். அன்றிலிருந்து ஊரே அவரை 'மச்சுப்பிச்சு அங்கிள்' என்றது. லண்டனில் அரைவாசி ஆயுளைக் கணக்காளராகக் கழித்த அம்பலவாணனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட வாய்க்கவில்லை.

"மச்சுப்பிச்சுவுக்கு இப்ப ஆரும் போகலாம்," என்றார் மனைவி சுலோச்சனாவிடம். "ரயிலிலை போய் இறங்கினால் அதென்ன மலை? நான் போறது சொக்கெகிறாவ். அதுவும் இன்காக்காரர் கட்டினதுதான். நடந்துதான் ஏறவேணும். கனபேருக்குத் தெரியாத இடம்."

"ஆருக்கும் தெரியாத இடத்துக்குப் போனதை ஆருக்குச் சொல்லப் போறியள்?"

மூளையுள்ள கேள்வி. ஆகவே அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பேரைக் கவனிச்சனீரே? சொக்கெ. சொக்கன். மதுரைச் சொக்கநாதர். தமிழன் அங்கை முந்தியே போயிருக்கிறான்."

"ஸ்டேசனுக்கே காரிலை போற தமிழன் இனித்தானே போகப்போறார்," என்று சுலோச்சனா முருங்கைக்காயை நறுக்கினாள்.

பயணத்தைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. அபூரிமாக் ஆறுவரை இறக்கம். அதை அம்பலவாணன் மாவீரனைப் போல இறங்கினார். ஆற்றுக்கு அப்பால் ஏற்றம். அதைக் கோவேறு கழுதை ஒன்று ஏறியது. அவர் மேலே இருந்தார். உச்சியில், காடு பாதி விழுங்கிய கல்மதில்களின் முன்னால், வழிகாட்டியிடம் பெயரின் பொருளைக் கேட்டார். பொன் தொட்டில் என்றான் அவன். சொக்கெ என்றால் தங்கமாம். சொக்கநாதர் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டார். அம்பலவாணனோ கலங்கவில்லை. தங்கம். சொக்கத்தங்கம். கழுதையும் தலையாட்டியது.

லண்டன் திரும்பிய அம்பலவாணனின் ஸ்லைட் காட்சி முடிந்த கையோடு தலைவர் தெரிவு என்று அறிவித்திருந்தார்கள். வடையும் உண்டென்று அறிவித்திருந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது.

"மச்சுப்பிச்சு வடிவாய்த்தான் இருக்கு," என்றார் முன்வரிசையில் இருந்த தவநாயகி அக்கா.

"இது மச்சுப்பிச்சு இல்லை அக்கா. சொக்கெகிறாவ்."

"அப்ப மச்சுப்பிச்சுவுக்குப் போகேல்லையே?"

"அங்கை எல்லாரும் போயினம்."

"எல்லாரும் போற இடத்தை விட்டுப்போட்டோ இவ்வளவு தூரம் போனனீங்கள்? பாவம், ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்."

அம்பலவாணன் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். "சொக்கெ எண்டால் தங்கம். எங்கடை சொக்கத்தங்கம்தான் அது."

"தங்கம் கிடந்ததே, அண்ணை?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"இல்லை."

மண்டபத்தின் கவனம் வடைத் தட்டுகளின் பக்கம் திரும்பியது. பத்மநாதன் எழுந்தார். குரலில் தேன் வடிந்தது.

"மச்சுப்பிச்சுவுக்கு டிக்கெட் கிடைக்கேல்லை எண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே, அம்பலவாணன். இதிலை என்ன வெக்கம்?"

சற்று நேரத்தில் தனக்காக உயரவேண்டிய கைகளை அம்பலவாணன் பார்த்தார். எல்லாம் மடியில் கிடந்தன. தொண்டையைச் செருமினார்.

"அக்கா சொன்னது சரிதான். இது மச்சுப்பிச்சுதான். அதின்ரை பின்பக்கம்."

"அப்பிடிச் சொல்லுங்கோவன்," என்றார் தவநாயகி அக்கா. மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டியது. சுலோச்சனா மட்டும் கைப்பையைத் திறந்து, இல்லாத எதையோ தேடினாள்.

செயலாளர் சபாரத்தினம் சமாதானப் பிரியர். வாக்கெடுப்பு நடந்தால் மன்றம் இரண்டாகும் என்பது அவருக்குத் தெரியும். மோர்டனில் எதுவும் அப்படித்தான் இரண்டானது.

"வோட்டு என்னத்துக்கு? முன்பக்கம் பார்த்தவர் தலைவர். பின்பக்கம் பார்த்தவர் உபதலைவர்."

மறுத்துப் பேச அம்பலவாணனுக்கு வழியில்லை. பக்கம் பிரித்தவரே அவர்தான்.

வடைத்தட்டு வந்தது. அவரைத் தாண்டிப் போகப் பார்த்தது. சுலோச்சனா அதைக் கையால் மறித்தாள்.

"இஞ்சை," என்றாள், மண்டபம் முழுவதற்கும் கேட்க. "பின்பக்க அங்கிளுக்கும் ஒண்டு வையுங்கோ."