விலை எழுத்து

எழுபத்திரண்டாம் வருஷத் தீபாவளிக்கு முன்பு, உஸ்மான் ரோட்டில் வேம்பு அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு மாறியபோது ஜவஹருக்குச் சம்பளம் இரட்டிப்பானது. ரங்கநாதன் தெருவில் அய்யாதுரை கடையில் சோற்றுக்கும் சொற்பத்துக்கும் நின்று பழகிய தொழிலுக்கு இப்போதுதான் மதிப்பு வந்தது என்று நினைத்துக்கொண்டான்.

சேர்ந்த வாரமே அண்ணாச்சி ஒரு சுங்கிடிச் சேலையை அவன் முன்னால் போட்டார். ஆள் விட்டு வாங்கியது. மூலையில் அய்யாதுரை கடைச் சீட்டு. அதில் இரண்டு எழுத்து. ஒவ்வொரு கடைக்கும் ரகசியமாகப் பத்தெழுத்துச் சொல் ஒன்று உண்டு. அதன் எழுத்துகள்தான் எண்கள். கொள்முதல் விலையை அப்படித்தான் குறிப்பார்கள். பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது.

"இது எம்புட்டுலே?"

"இருவத்தேழு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த எழுத்துகளை எழுத்தாகப் பார்க்கவே அவன் கண் மறந்திருந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. இன்னும் சில சேலைகளை எடுத்துப் போட்டார். இப்போதாவது தெரியாது என்றிருக்கலாம். ஜவஹர் ஒவ்வொன்றாகப் படித்தான்.

அங்கே எதுவரை இறங்குவார்கள் என்பது இங்கே தெரிந்துவிட்டது. எந்தச் சேலையானாலும் இங்கே ஒரு ரூபாய் குறைவு. கூட்டம் இங்கே திரும்பியது.

ஒரு மத்தியானம் பொன்ராஜ் வந்து வாசலில் நின்றான். பழைய கடையில் ஜவஹருக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன்.

"எழுத்து வெளிய போயிட்டுலே. எம்மேல சந்தேகம். போகச் சொல்லிட்டாரு."

"என்னைய நெனைக்கலயா?"

"நெனைச்சோம்லா! 'அவன் சம்பளத்துக்குப் போனவன், இதுக்கெல்லாம் போகமாட்டான்'னாரு மொதலாளி. ஒனக்கு அங்க இன்னும் நல்ல பேருதாம்ல." பொன்ராஜ் சிரித்தான். "இங்க எனக்கும் ஒரு வார்த்த சொல்லேன். தொழில் தெரிஞ்சவனுக்கு மதிப்பாம்லா."

ஜவஹர் உள்ளே போய்ச் சொன்னான். அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலை நிமிரவில்லை.

"எழுத்த மாத்திட்டாங்களாமே. புதுசு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி. மாத்துறதுக்கு முன்னயே அனுப்பிட்டாங்க. என்னைவிட நல்லா விப்பான்."

"விக்கதுக்கு ஆளா இல்ல? போலே, யாவாரத்தப் பாரு."

வாசலில் பொன்ராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"என்னலே சொன்னாரு?"

"ஆள் வேண்டாமாம்."

"சரி விடு. ஒன்னளவுக்கு நான் தொழில் கத்துக்கல போல." அவன் ஜவஹரின் தோளைத் தட்டினான்.

"கிராக்கி வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு ஜவஹர் உள்ளே போனான். கடையில் அப்போது ஒருவரும் இல்லை.