குலை தள்ளாத வாழை

அம்சவல்லியின் வாழை குலை தள்ளவில்லை என்ற பேச்சு, பாய் கடையில் ஊற்றிய டீ ஆறுவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

அன்று காலை கடை பெஞ்சில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவன் மதிவாணன், அம்சவல்லியின் கொழுந்தன். துபாயில் கம்பி கட்டிவிட்டு அந்த வருஷம்தான் ஊர் திரும்பியிருந்தான். வந்த நாளிலிருந்து குடமுருட்டி ஆற்றங்கரையோரம் இருக்கிற குடும்ப நிலத்தின்மேல் அவனுக்கு ஒரு கண். பாகம் பிரியாத நிலம். அண்ணன் செத்த பிறகு அண்ணிதான் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாழைன்னா என்ன சாமானியமான மரமா? கல்யாண வாசல்ல கட்டுற மரம். தாலியறுத்தவ நட்டா குலை தள்ளுமா? நா சொல்லல, மரம் சொல்லுது," என்றான்.

"மரம் ஒனக்கு துபாய்க்கே போன் போட்டுச் சொல்லிருச்சாக்கும்," என்றார் கடைக்கார அப்துல் ஹமீது பாய்.

பெஞ்சு சிரித்தது.

"சிரிங்க பாய். வர்ற தையோட நெலத்தை நானே பாத்துக்கறேன்னு அண்ணிகிட்ட சொல்லியாச்சு. ராசியில்லாத கைல நெலத்தைக் குடுத்துட்டு எத்தினி நாளைக்கு வேடிக்கை பாக்கறது?"

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ரெத்தினம் குடிக்காமல் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அந்த வாழைக் கன்றுகளைக் கொடுத்தவர் அவர். அவை எப்படிப்பட்ட கன்றுகள் என்று ஊரில் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதிவாணன் அவர் பக்கம் திரும்பி, "என்னண்ணே, நாஞ் சொல்றது சரிதானே?" என்று வேறு கேட்டான். ரெத்தினம் கிளாஸை வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

பாதி ஆயுசைச் சேற்றில் கழித்த மனுஷர் ரெத்தினம். காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை கருகிய வருஷங்களில் அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அவருக்குத் திருப்பூர் போகிற வயசு இல்லை. வலங்கைமான் போகிற ரோட்டில் புதிதாக ஒரு கூடம் வந்திருந்தது. வாழைக் குருத்தின் நுனியைத் துளித்துளியாக நறுக்கி, பாட்டிலில் கூழ் ஊற்றி, அதில் வைத்துக் கன்று உண்டாக்குகிற கூடம். ஊர் அதை லேப் என்றது. பாட்டில் கழுவவும் தட்டுத் தூக்கவும் ஆள் தேவைப்பட்டது. சேர்ந்துகொண்டார்.

சேர்ந்த புதிதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஒரே குருத்தில் நறுக்கின துண்டு. ஒரு கூழில் வைத்தால் தளிர் தளிராகக் கிளம்புகிறது. இன்னொரு கூழில் வைத்தால் வேர் விடுகிறது. அங்கே பொறுப்பில் இருந்த குந்தவை என்ற பெண்ணிடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, இத்தினி வேரும் எங்கேருந்து வந்துது?"

"எங்கேருந்தும் வரலண்ணே, உள்ளதான் இருந்துச்சு," என்றாள் அவள். "வாழையோட ஒவ்வொரு செல்லுலயும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளியூண்டு அறைக்குள்ள, மொத்த வாழைக்கும் உண்டான சேதி இருக்கு. வேர் எப்படி விடணும், இலை எப்படி விரியணும், குலை எப்பத் தள்ளணும், எல்லாம். இலைல இருக்குற செல்லு இலைக்கு வேண்டியதை மட்டும் திறந்து வெச்சுக்கிட்டு மத்ததை மூடி வெச்சிரும். வேர்ல இருக்கறது வேருக்கு வேண்டியதைத் திறக்கும். கூழ்ல நாம கலக்குற மருந்து, எதைத் திற, எதை மூடுன்னு அதுக்குச் சொல்லுது."

"வாய்க்கா மடை மாதிரின்னு சொல்லுங்க."

"மடையேதான். ஆனா யாரும் மம்முட்டியத் தூக்கிக்கிட்டு வர வேணாம். திறக்குற ஆளு, மூடுற ஆளு எல்லாம் செல்லுக்குள்ளயே இருக்காங்க."

அன்றைக்கு ரெத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி ராஜாத்தியிடம், "ஒன் கண்ணுல இருக்குற சேதியும் குதிகால்ல இருக்குற சேதியும் ஒண்ணுதான், தெரியுமா?" என்றார்.

"அப்ப குதிகாலால இந்த ஊசியக் கோத்துக் குடுங்க, பாப்பம்," என்றாள் ராஜாத்தி.

"அதுக்குத்தான் மூடி வெச்சிருக்குங்கறேன்."

"ஒங்க வாயயும் அது மாதிரி மூடி வெச்சா நல்லாத்தான் இருக்கும்."

குந்தவை இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப நறுக்கி, பாட்டில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் சில கன்றுகள் குணம் மாறிவிடும். சிலதில் உள்ளே சேதி அழிந்திருக்காது. ஆனால் காலம் வந்து திறக்க வேண்டியது திறக்காமலே மூடிக் கிடக்கும். அப்படிப்பட்ட கன்றுகளைத் தனித் தட்டில் ஒதுக்கி, பின்பக்கக் குழியில் கொட்டி மூட வேண்டும். அந்த வேலை ரெத்தினத்துடையது.

கொட்டப் போனால் கை வரவில்லை. குட்டையாக, தடித்த இலையோடு, கரும்பச்சையாக இருந்தன. பார்த்தால் நல்ல கன்றைவிடத் தெம்பாகத் தெரிந்தன. நடவு முடிந்து மிஞ்சிய நாற்றை எந்தக் குடியானவனும் அழுக விடமாட்டான். வரப்பில் நின்று, வேணுமா என்று அடுத்த வயல்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவான். அந்தப் பழக்கத்தில் ஊறின கை. சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்சவல்லி அப்போது கன்றுக்கு அலைந்துகொண்டிருந்தாள். கழித்த கன்று, வந்தால் வரும் என்று உள்ளதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"லேப்புல எனக்குன்னு ஒதுக்கிக் குடுத்தது. காசு குடுத்தாலும் வெளிய கெடைக்காது."

"ஒங்களுக்கு அங்க அம்புட்டு மரியாதயாண்ணே?" என்று அவள் வாய் பிளந்தாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஏய், டேய் என்று கூப்பிடப்பட்ட ஆள்.

இப்போது மரங்கள் இடுப்புயரத்தில், இலைக்குமேல் இலை அடைத்து, முட்டைகோஸ் மாதிரி நின்றன. ஊரில் மற்றவர்கள் தோட்டத்தில் பூ வந்து, காய் திரண்டு, முட்டுக் கொடுத்தாகிவிட்டது.

கடையிலிருந்து எழுந்து போன அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் அம்சவல்லி எதிர்ப்பட்டாள்.

"அண்ணே, கொழுந்தன் கையக் காலப் புடிச்சு ஒரு வருஷம் கேக்கப் போறேன். அடில வந்திருக்குற பக்கக்கன்னை விட்டு வளக்கறேன். இந்தத் தடவ குலை தள்ளிட்டா அவரு வாய அடைச்சிரலாம். தள்ளலைன்னா நானே நெலத்தை விட்டுட்டுப் போறேன்."

ரெத்தினம் தலையாட்டிவிட்டு நடந்தார். மறுநாள் லேப்பில் பாட்டில் கழுவிக்கொண்டே குந்தவையிடம் பட்டும் படாமலும் கேட்டார்.

"அந்தத் தட்டுக் கன்னு, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன், மண்ணுல வளந்து பக்கக்கன்னு விட்டா அதாச்சும் குலை தள்ளுமா?"

"பெரும்பாலும் தள்ளாதுண்ணே. தாய்ல மூடினது புள்ளைக்கும் மூடியேதான் போகும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்."

குந்தவை அவர் பக்கம் திரும்பினாள். அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை விட்டதும் நேராக அம்சவல்லியின் தோட்டத்துக்குப் போனார். அவள் காய்ந்த மட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்சவல்லி, அந்தப் பக்கக்கன்னை விடாதே. கெழங்கோட எடுத்துரு."

"ஏண்ணே?"

மடை திறப்பது, மூடுவது, இலைக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று லேப்பில் கேட்டதையெல்லாம் அவர் ஒப்பிக்க ஆரம்பித்தார். தாயிலிருந்து பிள்ளைக்குப் போவதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நன்றாக இருந்தது. தான் ஒரு சேதி கொண்டுவந்த ஆள் என்ற நினைப்பு வந்தது. அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப என் கை இல்லியா?"

"கைக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

அவள் முகம் ஒரு கணம் இளகியது. அப்படியே முடிந்துவிடும் என்று ரெத்தினம் நினைத்தார். அவள் மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்க குடுக்கறப்பவே தெரியுமாண்ணே?"

"அப்ப இவ்வளவு வெவரம் தெரியாது."

"கன்னு இருந்த தட்டுல ஒண்ணும் எழுதலியா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்கு எழுத்து ஏது என்று தப்பித்திருப்பார். ஊரில் பாதிப் பேர் இன்னமும் அவரைக் கைநாட்டு என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் நாற்பது வயசுக்குமேல் அறிவொளி வகுப்பில் அவர் எழுத்துக் கூட்டினபோது அதே பாயில் உட்கார்ந்து கூட்டினவள் அம்சவல்லி.

"எழுதியிருந்துச்சு," என்றார். "கழிவுன்னு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"எங்க மாமியா சொல்லுச்சு, நீ மரத்துக்கிட்டப் போகாதே, ஒன் மூச்சுதான் அதுக்கு ஆகலைன்னு. நானும் நம்பிட்டேண்ணே. கிட்டப் போகாம எட்ட நின்னேதான் தண்ணி விட்டேன். நீங்க அந்த வரப்பு வழியாத்தான் தெனம் பாத்துக்கிட்டே போனீங்க."

அவருக்கு நிமிர முடியவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? பாய் கடைல போய்ச் சொல்லுங்க," என்று அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி மட்டை அறுக்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை அதே பெஞ்சு, அதே ஆட்கள். ரெத்தினம் உட்காரவில்லை.

"மதி, அந்த வாழை தள்ளாததுக்கு ஒங்க அண்ணி காரணமில்ல. வாழைக்குள்ள ஒவ்வொரு செல்லுலயும் மடை மாதிரி..."

"என்னண்ணே, வாழைக்குள்ள வாய்க்கா வெட்டுறீங்க?" என்றான் மதிவாணன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரித்து, ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வழி இருந்தது. கால் கூட மடங்கப் பார்த்தது.

"குழில கொட்டச் சொன்ன கன்னு அது," என்றார். "கழிவுன்னு எழுதியிருந்ததைப் படிச்சேன். படிச்சிட்டுத்தான் திருடிக்கிட்டு வந்தேன். நல்ல கன்னுன்னு பொய் சொல்லி அம்சவல்லிக்குக் குடுத்தேன். நீங்கள்லாம் அது கையக் குத்தம் சொன்னப்ப வாயப் பொத்திக்கிட்டு இங்கதான் டீ குடிச்சேன்."

பாய் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார்.

"மதி, நெலத்தை எடுக்கறதுக்கு நீ வேற காரணந்தான் தேடணும் போலருக்கே," என்றார்.

மதிவாணனுக்கு முகம் கறுத்தது. இத்தனை பேர் முன்னால் என்ன பேச முடியும்? "சரி, குப்பைய வெச்சா அண்ணி என்ன பண்ணும். இன்னொரு வருஷம் பாக்கட்டும்," என்றான். பிறகு ரெத்தினத்தைப் பார்த்து, "ஒங்களப் போயி அண்ணன்னு கூப்புட்டுக்கிட்டிருந்துச்சு பாருங்க எங்க அண்ணி," என்றான்.

லேப்பிலும் அவரே சொல்லிவிட்டார். குந்தவை திட்டவில்லை. அந்தத் தட்டுகளைத் தூக்குகிற வேலையை மட்டும் வேறு ஆளுக்கு மாற்றினாள். அதன் பிறகு அவரோடு பேச வேண்டியதை மட்டும் பேசினாள்.

லீவு நாளில் கடப்பாரையையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு யாரும் கூப்பிடாமலே அம்சவல்லியின் தோட்டத்தில் இறங்கினார். அவள் வரப்பில் நின்றிருந்தாள். அவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். தாய்மரம், பக்கக்கன்று, மண்ணுக்குள் முளைக்கக் காத்திருந்த கண் எல்லாவற்றையும் கிழங்கோடு நெம்பி எடுத்துக் குவித்தார். முதுகு விண்டுபோயிற்று. வெயில் ஏறி இறங்கியது. சேறு முழங்கை வரை. கடைசிக் கிழங்கைப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கரையேறினார்.

"அந்த மேற்கு மூலைல ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள் அம்சவல்லி. அண்ணே என்று சேர்க்கவில்லை.

ரெத்தினம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.