ஆடி அமாவாசையில் ஓரா மீன்

காத்தோட்டிக்காய் கைக்கும். கைப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, அது ஊருக்குச் செய்தியும் சொல்லும். ஆடி அமாவாசை விரதம் இருந்து அந்தக் கறியோடு சோறு சாப்பிடுகிறவர் தகப்பனைப் பறிகொடுத்தவர் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தகப்பன் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அந்த விரதம் இல்லை.

இந்த வருஷம் அதைச் சாவகச்சேரிச் சந்தையில் என் கையாலேயே பொறுக்கி எடுத்தேன். "ஆருக்கக்கா விரதம்?" என்று காய் விற்ற பெண் கேட்டாள். சும்மா வாய்க்கு வந்த கேள்விதான். "வீட்டுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன்.

விரதம் என் மகள் கோபிகாவுக்கு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த சனத்துக்கு, இயக்கத்தோடு ஒருநாள் மட்டும் இருந்தவர்களும் வந்து பதியும்படி ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். என் கணவர் ஜெயரூபன் எழும்பினார். "பதிஞ்சுபோட்டு வாறன், பிள்ளைக்குத் தண்ணி குடு" என்றார். அது 2009 வைகாசி. அதற்குப் பிறகு அவரை ஒருவரும் எங்கள் கண்ணில் காட்டவில்லை. ஏறி இறங்காத வாசல் இல்லை. கடைசியில் மரணச் சான்றிதழ் எடுக்கலாமே என்று புத்தி சொன்னார்கள். ஆளைக் கேட்கப் போனவளுக்குக் கடதாசியைக் காட்டினால் பற்றிக்கொண்டு வராதா? நான் என் பொட்டை அழிக்கவில்லை.

விரதம் வேண்டும் என்றவர் கணவருடைய தமையன் பரமலிங்கம். கெட்ட மனிதர் அல்ல. எங்கள் இருவரையும் தன் வீட்டோடு வைத்துப் பார்க்கிறவர். அவருடைய தோட்டத்து வெங்காயத்திலும் மிளகாயிலும்தான் கோபிகா படித்து இன்றைக்கு ஏ.எல். வகுப்பில் இருக்கிறாள். தம்பியின் பெயர் காதில் விழுந்தால் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வார்.

"எள்ளும் தண்ணியும் இறைக்க ஆளில்லாமல் அவன் அலையிறானோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை. பெத்த மகள் விரதம் பிடிச்சால்தானே அவனுக்குப் போய்ச் சேரும்?"

சொல்லிவிட்டு அழுதார். அவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெரியும், அவருடைய கண்ணீரோடு சண்டை பிடிக்கத் தெரியாது. ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் களைத்தும் போயிருந்தது. பெரியப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத கோபிகா தலையாட்டினாள்.

அன்று மாலை மக்டலீனக்காவுக்குப் போன் எடுத்து, "கோபி இந்த முறை அப்பாவுக்கு விரதம் பிடிக்கிறாள்" என்றேன். "ம்" என்றார். என்றைக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மக்டலீனக்கா குருநகர்க்காரி. அவருடைய மகன் கிறிஸ்ரோபரை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனது எங்கள் ஆளுக்கும் முந்தி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தெருவோரப் பந்தலில்தான் அவரைக் கண்டேன். நான் தேவாரம் படிப்பேன், பக்கத்தில் அவர் செபமாலை உருட்டுவார். என் கடவுளும் அவருடைய கடவுளும் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒன்றாக வெயில் காய்ந்தார்கள். பந்தலில் தூங்கி விழும்போது கேட்டாலும் இன்றைக்கு எத்தனையாம் பிறை என்று பிசகாமல் சொல்லுவார். மகனுக்கு அவர் ஒப்புக்கொடுக்கும் பூசை எப்போதும் சுகத்துக்கான பூசை. செத்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு அவனுடைய பெயரைக் கொடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

ஆடி அமாவாசையன்று பரமலிங்கம் அண்ணை கீரிமலையில் தன் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு வந்தார். நான் இரண்டு இலை போட்டேன். அவருக்கு ஒன்று, கோபிகாவுக்கு ஒன்று. இரண்டு இலையிலும் காத்தோட்டிக்காய் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. மக்டலீனக்கா, இரண்டு பஸ் மாறி வந்த வியர்வையோடு. கையில் ஒரு பை. பைக்கு முன்னால் அதன் வாசம் வந்துவிட்டது.

"ஓரா. விடிய வலையிலை பட்டது. பிள்ளைக்கு விருப்பமெண்டு கொண்டந்தனான்."

"சிவ சிவா, இண்டைக்குப் போய் மச்சமோ!" என்று எழும்பப் பார்த்த அண்ணை, வந்தவருடைய முகத்தைக் கண்டு தணிந்தார். "சரி, விடு பிள்ளை. வேதக்காரருக்கு எங்கடை நாள் கோள் என்ன தெரியும்? பாவம், தெரியாமல் கொண்டந்திட்டா."

மக்டலீனக்கா அவரைப் பார்க்கவில்லை. கோபிகாவைத்தான் பார்த்தார். "உன்ரை அப்பாவுக்கும் ஓராவெண்டால் உயிராமே? அம்மா சொன்னவ."

கோபிகா இலையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். இலையைத் தொடாமல் எழும்பினாள்.

"பெரியப்பா, எனக்கு இது வேண்டாம்."

"கோபி!"

"அப்பா இல்லை எண்டு கொண்டுபோனவங்கள் சொல்லட்டும். எங்கை, என்ன செய்தவங்கள் எண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் ஒவ்வொரு வருஷமும் பிடிக்கிறன். அவங்கள் சொல்லாததை நான் ஏன் சாப்பிட்டுக் காட்ட வேணும்?"

பதினாறு வருஷமாக வாசல் வாசலாக நான் சொல்லத் தெரியாமல் தவித்தது அதுதான். என் கண் நிறைந்துவிட்டது.

அண்ணை எழும்பி முற்றத்தில் இறங்கிப் பின்பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், வேலியோரம் கிடந்த கற்களைத் தூக்கி வந்து அடுப்பாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"குசினியிலை வேண்டாம். நான் என்ரை அப்புவுக்கு விரதம்," என்றார். "இதிலை காய்ச்சிக் குடுங்கோ. தேப்பன் இருக்கிற பிள்ளை... சாப்பிடட்டும்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் இலையில் உட்கார்ந்தார். காத்தோட்டிக்காயை ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

நானும் மக்டலீனக்காவும் அந்த மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தோம். புளி கொதித்து மணம் எழும்பியபோதுதான் எனக்குப் புத்தியில் தட்டியது. நிலவில்லாத இருட்டைப் பார்த்து வலை ஏற்றுகிற வீடு அக்காவுடையது.

"அக்கா, இண்டைக்கு அமாவாசை எண்டு தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?"

"கடலுக்குப் போற வீட்டிலை அமாவாசை தெரியாட்டில் எப்பிடி உலை வைக்கிறது?" என்றார். சிரிக்கவில்லை. அகப்பையால் மீன் உடையாமல் மெல்லப் பிரட்டினார். "நவம்பர் ரெண்டாந் திகதி எங்கடை சனம் முழுக்கச் செத்த ஆக்களின்ரை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்தச் சேமக்காலைக்குப் போயிடும். தெருவிலை ஒரு குஞ்சு குருமான் இராது. நான்தான் தனிய வீட்டிலை இருக்கிறனான்" என்றார்.

"நான் வாறன், அக்கா."

"வா. மெழுகுதிரி மட்டும் கொண்டு வராதை."