இடக்கைப் பிடி

1986-இல் எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் ஏர் பிஸ்டல் இரண்டே இரண்டுதான். ஒன்றின் மரப்பிடி வலக்கைக்கென்று செதுக்கியது. மற்றது, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தது. அவர் இடக்கைக்காரர், பிடியும் அப்படியே. வலக்கையால் பிடித்தால் விரல் மடங்காது. நான் கிளப் செயலாளர். பீரோ சாவி என்னிடம்தான்.

அந்த வருஷம் மெட்ராஸ் பிஸ்டல் பயிற்சி முகாமுக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண். வேலூரில் தேர்வு. என் மகள் சரசு இரண்டு வருஷமாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். இடம் அவளுக்கென்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அடி அண்ணாமலை வேடியப்பன் தன் மகள் பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். விவசாயி. தீபத் திருவிழாவில் பலூன் கடைக்காரனே இவளைக் கண்டால் துரத்துகிறானாம். பழைய ஏர் ரைஃபிளைக் கொடுத்தேன். இடது தோளில் வைத்துப் பத்துக் குண்டு சுட்டாள். பத்தும் கறுப்பு வட்டத்துக்குள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்?

"இவளுக்கு எந்த பிஸ்டல் சார் குடுப்பீங்க?" என்றார் வேடியப்பன்.

"மொதமொதல்ல ஆயுதம் எடுக்கறா. விஜயதசமிக்கு வாங்க, தட்டுல வெச்சுத் தரேன்."

வெற்றிலை, பூ, குங்குமத்தோடு இரண்டு பிஸ்டலையும் பித்தளைத் தட்டில் வைத்து நீட்டினேன். "புடிச்சத எடுத்துக்கம்மா."

அவள் இடது கை நேராக ஜெர்மன்காரர் பிஸ்டலுக்குப் போனது. அப்பன் அந்தக் கையிலேயே பட்டென்று ஒன்று வைத்தார்.

"சாமி தட்டுல பீச்சாங்கைய நீட்டறியே, எரும!"

"எனக்கு இந்தக் கைதாம்பா..."

"வாய மூடு."

வலக்கையால் எடுத்தாள். ஜெர்மன்காரருடையது கையில் உட்காரவில்லை, மற்றது உட்கார்ந்தது. "இதுதாம்மா உன் கைக்குச் சரி" என்றேன். அந்தக் கைக்குச் சரிதானே!

ஒன்றரை மாதம் பழகினாள். மறு கையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பதுதான் முறை. அவள் இடது கையைச் செருகிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்த்தேன். தினமும் சும்மா இருந்தேன்.

வேலூரில் நானூற்றுக்குச் சரசு 341. பச்சையம்மாள் 287.

தேர்வாளருக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. குண்டு டப்பாவை அவள் பக்கம் சட்டென்று வீசினார். இடது கையால் லபக்கென்று பிடித்தாள்.

"இது இடக்கைப் பொண்ணுய்யா! வலக்கை பிஸ்டல யாரு குடுத்தது?"

வேடியப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார் ரெண்டயும்தாங்க வெச்சாரு. நான்தான் அடிச்சு மாத்திட்டேன். சார் மேல தப்பு இல்லைங்க."

பச்சையம்மாள் அப்பனை ஏறிட்டுப் பார்த்தாள். பெற்றவனை ஒரு பிள்ளை அப்படிப் பார்க்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியாக நடந்தாள்.

வேடியப்பன் அவள் பின்னால் போகவில்லை. என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு சார். மன்னிச்சிருங்க."

"பரவால்ல, விடுங்க" என்றேன்.