செவெல் இறங்கிய காலை

பிலிமோன் பெரியப்பா காரின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

“இந்தச் சந்துல ஒரு ஆட்டையே ஓட்டிட்டுப் போயிரலாம்” என்றார்.

கொட்டகை வாசலில் நின்ற கார் கிளப் ஆட்கள் சிரித்தார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்ததும் தரையைப் பார்த்தார்கள்.

மாரிசெலாவின் அப்பா எலிசெயோ இறந்து மூன்று நாள். பதினோரு மணிக்குத் தேவாலயத்தில் அடக்கப் பூசை. காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுகிறவர்களின் கிளப் அது. எஸ்பன்யோலா ஊரில் கிளப்காரன் செத்தால் சவ வண்டிக்குப் பின்னால் முதலில் போவது அவனுடைய கார்தான். மற்றவை அதன் பின்னால், தரையை உரசுகிற மாதிரி, நடக்கிற வேகத்தில் போகும். அப்பாவின் எழுபதாம் வருடத்துச் செவெல் காரோ கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில் நெட்டையாக நின்றது.

“பதினஞ்சு வருஷமா வரிசையில கடைசியா வந்தான். இன்னைக்காவது ஒழுங்காப் போகட்டும். இறக்குங்கடா.”

காரைத் தாழ்த்த முன்பு போட்டிருந்த, அறுத்துக் குட்டையாக்கிய ஸ்பிரிங்குகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஓர்லிந்தா உள்ளே போய், கட்டிலடியிலிருந்து நான்கையும் எடுத்துவந்தாள். துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவி, பழைய சட்டைகளில் சுற்றியிருந்தது.

பெரியப்பா ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். “தூக்கிப் போட்டுட்டான்னுல்ல நெனச்சேன்.” பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “பக்கத்துல உக்காந்து போக உனக்குத்தான் வெக்கம். அதானே அவன காரை ஏத்த வச்ச? ஊருக்கே தெரியும், ஓர்லிந்தா.”

“ஆமா” என்றாள் அம்மா. “நான்தான் சொன்னேன்.”

மாரிசெலா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு அவளுக்குப் பதிமூன்று வயது. மலைமேல் ஊரில், விஞ்ஞானிகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. முதல் நாள் அப்பாவே கொண்டுபோய் விட்டார். வாசல் வேகத்தடையில் காரின் வயிறு நீளமாகக் கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். யாரது என்று ஒருத்தி கேட்டாள்.

“எங்க வீட்டுத் தோட்டக்காரர்.”

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை அப்பா ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க, மிஸ்” என்றார். “மறந்துட்டீங்க.”

அந்தச் சனிக்கிழமை ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை உயர்த்தினார். யார் கேட்டும் காரணம் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் மாரிசெலா இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

“காப்பி ஆறுது” என்றாள் அம்மா. மகள் முகத்தைப் பார்க்கவில்லை. “எல்லாருக்கும் குடு.”

கொடுத்தாள். ஆட்கள் துக்கச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அட்டையை விரித்துக் காருக்கடியில் படுத்தார்கள். ஒன்பதரைக்கு ஜாக்கியை இறக்கியபோது முன்பக்கம் தணிந்தது. பின்பக்கம் தணியவில்லை.

“அப்பிடித்தான் அடம் புடிக்கும். யாராச்சும் டிக்கியில உக்காருங்க. கனம் வேணும்” என்றார் பெரியப்பா.

மாரிசெலா தட்டை வைத்துவிட்டுப் போய், கறுப்பு உடுப்போடு டிக்கி விளிம்பில் உட்கார்ந்தாள்.

“பெரியப்பா.”

“ம்.”

“அம்மா ஏத்தச் சொல்லல. நான்தான். பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுகிட்ட… அப்பாவ எங்க வீட்டுத் தோட்டக்காரர்னு சொன்னேன். அவர் காதுல விழுந்துருச்சு.”

வாசலில் ஒருவர் கோப்பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். பெரியப்பா கிரீஸ் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

“இன்னும் இறங்கணும்” என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மா வந்தாள்.

“தள்ளி உக்காரு.”

மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முக்காட்டு நுனியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கார் முனகிக்கொண்டே தணிந்தது. இருவரின் காலணி முனைகளும் சிமெண்டுத் தரையைத் தொட்டன.