வந்த காரணம்

விடியும் முன்பே, தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் குத்துக்காலிட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தாள் பெரியக்கா. மருந்துப் பொடியின் நெடி கண்ணைப் பிடுங்கியது. விரலிடுக்கு திகுதிகுவென்று எரிந்தது. இதே நிலத்தில் கடலை பிடுங்கி முதுகொடிந்தவள்தான். இப்போது சுற்றிலும் பதினாறு மாடிக் குடியிருப்புகள். பழைய ஊரில் மிஞ்சிய இருபத்திரண்டு வீடுகளும் மதிலுக்குள் மாட்டிக்கொண்டன. ஒரே வழி மெயின் கேட். வேலைக்கான பாஸைக் காட்டித்தான் சொந்த வீட்டுக்கே போகவேண்டும்.

கேட்டில் கூச்சல். ஓடினாள். கையுறை கேட்டுச் சண்டை போட்ட அவள் நாத்தனார், மருந்துப் பொடியில் வெந்த கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள்.

"இவ பாஸ் ரத்து," என்றார் மேனேஜர்.

"வேலைக்கு இல்ல சார், வீட்டுக்குப் போறா. அவ பச்சப்புள்ள பாலுக்கு அழுவுது," என்றாள் பெரியக்கா.

"எந்த வீடு?" கேட் நோட்டைப் பிரித்தார். "நாலு வருஷமா 'வந்த காரணம்: வேலை'. ஒருத்தராவது வீடுன்னு எழுதியிருக்கீங்களா? நீங்க இங்க குடியிருக்கீங்கன்னு என்ன அத்தாட்சி? அடுத்த மாசம் தெருவே காலி."

பெரியக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள். அத்தனையும் அவள் கையெழுத்து. தெருவில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யார் கடைக்குப் போய்த் திரும்பினாலும், சாவுக்குப் போய்த் திரும்பினாலும், 'வேலை' என்றே எழுதினாள். அப்படி எழுதினால் கேட் சட்டென்று திறந்தது.

"படிச்ச கையால எங்க வாயில மண்ணப் போட்டுட்டியே அண்ணி!" நாத்தனார் கம்பிக்கு அப்பால் கதறினாள்.

"உன் பாஸ் பத்திரமா இருக்குல்ல? போய் வேலையப் பாரு," என்றார் மேனேஜர்.

பெரியக்கா கேட்டை விட்டு நகர்ந்தாள். தெருவுக்குள் போனாள். திரும்பியபோது இடுப்பில் குழந்தை. பின்னால், ஈரக்கையும் துடைப்பமுமாகத் தெருவே வந்தது.

"வெளிய போனா ஒருத்தருக்கும் பாஸ் கிடையாது!" மேனேஜர் கத்தினார்.

"நீங்களே வெச்சுக்குங்க சார்," பாஸைக் கழற்றி வீசினாள் ஒரு சமையல்காரி. "நாளைக்கு நீங்கதான குளம் தேய்க்கணும், பாஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்க."

எல்லோரும் வெளியேறினார்கள். கேட் மூடியது. குழந்தை தாயின் மார்பைத் தேடியது.

பெரியக்கா காவல் கூண்டின் ஜன்னலருகே நின்றாள். வாட்ச்மேன் மேனேஜரைப் பார்த்தார். பிறகு நோட்டை வெளியே நகர்த்தினார்.

"யார் வந்தாலும் எழுதணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார் மேனேஜரிடம்.

'வந்த காரணம்' என்ற இடத்தில் பெரியக்கா எழுதினாள்: 'வீடு'.

கேட் திறக்கவில்லை. வெளியே போக வழியில்லாமல் உள்ளே கார்கள் ஹாரன் அடித்தன.

"எனக்கும் அதையே எழுதுக்கா," பின்னாலிருந்து சமையல்காரி தோளைத் தொட்டாள். "நல்லா அழுத்தி எழுது."